மின்சார ஸ்கூட்டரில் ஒரு வெள்ளோட்டம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் நமக்கு முன் பேசியவர்கள் இலக்கியம் பேசினார்கள், இசை பேசினார்கள். நாமோ மெட்ரிக்குலேஷனோடு படிப்புக்கு விடை கொடுத்துவிட்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடை பார்த்துச் சீட்டு எழுதியே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். இலக்கியத்தில் வாய் திறக்க நமக்குத் துணிவில்லை. செயலாளர் விட்டாரா? "உமக்குத் தெரிந்த எதையாவது பேசும்" என்றார். நமக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, எடை. மற்றொன்று, வண்டி. ஆகவே மின்சார ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்த கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். கதையின் நடுவே ஒரு சண்டையும் உண்டு. சம்பந்தப்பட்ட இரு வீட்டாரின் அனுமதியும் பெற்றுக்கொண்டே அதைச் சொல்கிறோம்.

இந்தக் கோல் மார்க்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் பழைய உறவு உண்டு. பன்னிரண்டு பக்கங்களோடு வட்டமாக நிற்கும் அந்தச் சந்தைக் கட்டடம் 1921இல் எழுந்தது. அதைச் சுற்றியிருந்த குவார்ட்டர்ஸ்களில் குடியேறிய நம் முன்னோர் காலைதோறும் மிதிவண்டி ஏறியே செக்ரட்டேரியட்டுக்குச் சென்றார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்னர் ஸ்கூட்டர்க் காலம் வந்தது. பணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த காலம் அது. பெண்ணுக்கு வரன் அமைந்துவிடும், ஸ்கூட்டர் வராது! வந்த அன்று பிர்லா மந்திருக்கு எடுத்துச் சென்று மாலை போட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதும் தெரிகிறது.

நம்முடைய பெட்ரோல் ஸ்கூட்டர் 2009ஆம் ஆண்டில் வாங்கியது. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி டில்லியில் ஓடலாகாது என்னும் தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்ததை யாவரும் அறிவீர்கள். 2025ஆம் ஆண்டில் அது பற்றிய உத்தரவுகள் மாறி மாறி வந்தன. நமக்கோ மறியலுக்கு அஞ்சி வண்டி ஓட்டுவதில் விருப்பமில்லை. 2024இல் பதிவுக் காலம் முடிந்ததும் வண்டியை விட்டுவிட்டு, ராமகிருஷ்ண ஆசிரமம் நிலையத்தில் மெட்ரோ ஏறத் தொடங்கினோம். நம் இல்லாள் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவர் பாடுதான் திண்டாட்டமாயிற்று. ஒரு பஸ் தவறினால் முதல் வகுப்பே தவறிவிடும். ஆகவே வண்டி வேண்டும். அதுவும் அவர் ஓட்டத் தக்கதாய் வேண்டும். இதுதான் நம் வீட்டு மந்திரிசபையின் தீர்மானம்.

2025 ஜனவரி 17 முதல் 22 வரை பாரத் மொபிலிட்டி என்னும் பெருங்கண்காட்சி டில்லியில் நடந்தது. 1986இல் முதல் மோட்டார் கண்காட்சி நிகழ்ந்த அதே பிரகதி மைதானத்தில், இப்போது பாரத் மண்டபம் என்னும் பெயரோடு விளங்கும் மாளிகையில், அதன் முக்கிய பகுதி அமைந்திருந்தது. அதற்கும் சென்றோம். திருவிழாக் கூட்டம்! வண்டியைக் கண்டதைவிட முன்னே நின்றவர்களின் பிடரியைக் கண்டதே மிகுதி. மின்சார ஸ்கூட்டரைக் கையால் தொட்டு ஓட்டிப் பார்த்தது, அதன்பின் அவ்வாண்டிலேயே நடந்த ஒரு சிறிய கண்காட்சியில். மண்டபத்துக்கு வெளியே கயிறு கட்டி ஒரு தடம் அமைத்திருந்தார்கள். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, ஒரு தாளில் கையொப்பமிட்டு, அவர்கள் தரும் தலைக்கவசத்தை அணிந்துகொண்டால் இரண்டு சுற்று வரலாம்.

சென்றவர்கள் நால்வர். நாமும் நம் இல்லாளும், கணக்குப் பிரிவு நண்பர் ஒருவரும், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும். பெரியவருக்கு வயது எழுபது. "நான் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டே உரிமத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

முதலில் அவரே ஏறினார். அவர் தேர்ந்தது வேகங் குறைந்த சிறு ஸ்கூட்டர். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லாததும் 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டார் உடையதுமான வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. அதற்குப் பதிவும் வேண்டா, உரிமமும் வேண்டா. பெரியவர் பூப்போல ஒரு சுற்று வந்து இறங்கினார். "இஃது என் பழைய ராலி சைக்கிளே, மிதிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்" என்றார். காய்கறி வாங்கவும் கோயிலுக்குச் செல்லவும் அது போதும். ஆனால் ரிங் ரோட்டில் பஸ்களின் நடுவே அதை விட்டால் எறும்பு ஊர்வலத்தில் போவது போலிருக்கும். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் இருப்பதால் அது நமக்கு ஒத்துவரவில்லை.

அடுத்தது பெரிய ஸ்கூட்டர். நாம் ஏறினோம். இங்கேதான் மானம் போயிற்று. முப்பது ஆண்டுகளாக வண்டி என்றால் ஓசை என்று பழகிய காது நமக்கு. சாவியைத் திருப்பினோம், பொத்தானை அழுத்தினோம், ஓசையே இல்லை. வண்டி இன்னும் உயிர் பெறவில்லை என்று எண்ணி, ஆக்சிலரேட்டரைச் சற்றே திருகிப் பார்த்தோம். அம்மம்மா! வில்லிலிருந்து அம்பு புறப்பட்டது போல வண்டி பாய்ந்தது. எதிரே இருந்த கயிற்றுக் கம்பம் சாய்ந்தது. தலைக்கவசம் மூக்குக்கு வந்தது. விற்பனைக்கு நின்ற இளைஞர் ஓடிவந்து, "அங்கிள்ஜி, தீரே தீரே" என்றார். நம் இல்லாள் மறுபக்கம் திரும்பி நின்று, நமக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாதது போலப் பாவனை செய்தார்.

ரயில்வேக்காரன் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் சுழன்று வேகம் பிடித்த பின்பே வலிமை பெறும். மின்சார மோட்டாரோ நின்ற நிலையிலேயே தன் முழு இழுவிசையையும் தரவல்லது. அதனாலன்றோ ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கூட்ஸ் வண்டியை மின்சார எஞ்சின் அசைத்து எடுக்கிறது! நம் நாட்டில் மின்சார ரயில் முதன்முதல் ஓடியது 1925 பிப்ரவரி 3இல், பம்பாயில். மதராஸில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் ஓடிற்று. அதற்கும் முன்னே 1895இல் மதராஸ் வீதியில் மின்சார டிராம் ஓடியது. ஆக நம்மவர்க்கு மின்சார வண்டி புதிதன்று. தண்டவாளத்திலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்ததுதான் புதிது.

மற்றொன்றும் ரயில் எஞ்சினில் உள்ளதே. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் வண்டி தானே மெல்ல இழுத்துப் பிடிக்கிறது. அப்போது மோட்டார் டைனமோவாக மாறி, ஓடுகிற வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இக்கால எஞ்சின்கள் இதே முறையில்தான் மேலே உள்ள கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. இரண்டாவது சுற்றில் இது பழகிவிட்டது. பிரேக்கை அவ்வளவாகத் தொட வேண்டியதில்லை.

மூன்றாவதாக நம் இல்லாள். அவரிடம் அந்த இளைஞர் ஒன்றும் விளக்கவில்லை. நமக்கும் கணக்குப் பிரிவு நண்பருக்குமே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டப் போகிறவர் அந்த அம்மையார் என்று நாம் சொன்ன பிறகும் பார்வை நம்மீதே இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏறி அமர்ந்து இரு பாதமும் தரையில் முழுதும் படுகின்றனவா என்று பார்த்தார். பின் சக்கரத்தில் புடவை சிக்காதபடி காப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து தாமே தள்ளினார், பின்னோக்கித் திருப்பினார். 120 கிலோ எடையென்று அட்டையில் எழுதியிருந்தது. பிறகு ஒரே சீராக இரண்டு சுற்று வந்தார். கம்பம் ஒன்றும் சாயவில்லை. இறங்கியவர் கேட்ட முதற் கேள்வி: "இதை எங்கே சார்ஜ் செய்வது?"

அந்தக் கேள்வியை நாங்கள் ஆண்கள் மூவரும் அதுவரை கேட்கவில்லை. நாங்கள் கேட்டவையெல்லாம் எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்பனவே.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை மின்னூட்டினால் 100 கிலோமீட்டர் ஓடும் என்று அட்டையில் கண்டால், அதை ரயில்வே கால அட்டவணையைப் போலக் கருதவேண்டும். பொய்யன்று. ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்பது அதனுள் மறைந்திருக்கும். சோதனைக்கூடத்தில் உருளைகளின்மேல் வண்டியை ஏற்றி, வகுத்த முறைப்படி ஓட்டி எடுக்கும் கணக்கு அது. அங்கே பின்னால் மனைவி இல்லை. பையில் பத்துக் கிலோ அரிசி இல்லை. கன்னாட் பிளேஸ் நெரிசல் இல்லை. நடைமுறையில் எழுபதோ எழுபத்தைந்தோ கிடைக்கும் என்று கொள்வது நல்லது. ஜனவரிக் குளிரில் இன்னும் சற்றுக் குறையும். லிதியம் பாட்டரிக்கும் நம்மைப் போலவே குளிர் ஆகாது.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். மாதம் 500 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுத்த நம் பழைய வண்டிக்குப் பன்னிரண்டரை லிட்டர் வேண்டும். 2025ஆம் ஆண்டில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 94 ரூபாய்க்குச் சற்று மேல். ஆக ஏறக்குறைய 1,180 ரூபாய். மின்சார வண்டி அதே தூரத்துக்குப் பதினேழு பதினெட்டு யூனிட் உண்ணும். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வைத்தாலும் நூறைச் சற்றே தாண்டும். மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். வாங்கும் விலையில் முப்பதாயிரம் கூடுதலானால் இரண்டேகால் ஆண்டுக்கு மேல் ஓட்டிய பிறகே அந்த மிச்சம் கைக்கு வரும். பாட்டரிக்கு எத்தனை ஆண்டு உறுதி தருகிறார்கள் என்பதை ஆகவே எழுத்தில் பார்க்கவேண்டும், வாய்ச்சொல்லில் அன்று.

நிற்க. இவ்வண்டிகளின் பிறப்பிடத்தைப் பற்றிச் சற்றுப் பெருமை கொள்ளவும் நமக்கு உரிமை உண்டு. 1881இல் பாரிஸ் நகரில் குஸ்தாவ் துரூவே என்பார் மூன்று சக்கர வண்டியை மின்சாரத்தால் ஓட்டிக் காட்டினார். அந்நாளில் பாட்டரி என்றால் ஈயப் பாளம். 1912இல் பெட்ரோல் காருக்குக் கைப்பிடி சுற்றாமலே கிளப்பும் ஸ்டார்ட்டர் வந்ததும், மின்சாரக் கார் மெல்ல மெல்ல மறைந்தது. அதை மீட்டது லிதியம் பாட்டரி. அதை உருவாக்கிய மூவருக்கு 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று நம் நாட்டில் 2024-25 நிதியாண்டில் மட்டும் மின்சார இருசக்கர வண்டிகள் 11 லட்சத்துக்கு மேல் விற்றன. அவற்றுள் பெரும்பகுதி எங்கிருந்து வருகின்றது? ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும்! டி.வி.எஸ். 50 பிறந்த ஓசூர்ப் பக்கந்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர் இருவர் 2013இல் தொடங்கிய ஏதர் நிறுவனமும் ஓசூரிலேயே தொழிற்சாலை வைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் 2008இலேயே ஆம்பியர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை என்னும் பெண்மணி. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனத்தார் அமைத்த தொழிற்சாலையில் பெண்களே வண்டி பூட்டுகிறார்கள். கண்காட்சியில் வேறோர் அரங்கில் நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டு, "சார், நீங்க நம்ம ஊரா?" என்று ஓடி வந்தார் தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருவர். விற்பனைப் பேச்சை விட்டுவிட்டு, டில்லியில் நல்ல இட்டிலி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். முகவரி கொடுத்தோம்.

இனிச் சண்டைக்கு வருவோம். நம் கணக்குப் பிரிவு நண்பருக்கு அந்த அம்பு போன்ற பாய்ச்சல் மிகவும் பிடித்துவிட்டது. "இன்றைக்கு முன்பணம் கட்டினால்தான் இந்தத் தள்ளுபடி" என்றார் விற்பனையாளர். ஒரு பைசாவுக்கு மூன்று முறை கூட்டிச் சரிபார்க்கும் நம் நண்பர், அன்று ஒரு முறையும் கூட்டாமல் முன்பணம் கட்டினார். ஒரு மாதத்தில் வண்டி வந்தது. பாட்டரி வண்டிக்குள்ளேயே பூட்டியது, கழற்ற இயலாது. அவர் வீடோ இரண்டாம் மாடி. பழைய குவார்ட்டர்ஸ், கீழே பிளக் கிடையாது. சமையலறை ஜன்னலிலிருந்து மாடிப்படி வழியாக ஒரு நீண்ட வயரைத் தொங்கவிட்டு, இரவெல்லாம் படிக்கட்டின் அடியில் வண்டியை நிறுத்தி மின்னூட்டத் தொடங்கினார்.

கீழ்வீட்டு அம்மையார் வேலூர்ப் பக்கத்தவர். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் மின்னூட்டத்தில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் மூச்சுமுட்டி ஒரு தந்தையும் அவர் மகளும் மாண்ட செய்தியை நாம் பத்திரிகையில் படித்து மறந்தோம். அவர் மறக்கவில்லை. படிக்கட்டின் அடியில் வண்டி எரிந்தால் மேலே இருக்கும் ஆறு குடும்பங்களுக்கும் வேறு வழி ஏது? அவர் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு வயரைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் நண்பர் அலுவலகத்துக்குப் பாதி வழியில் வண்டியைத் தள்ளினார். பிறகு நடந்த வார்த்தைகளை இங்கே சொல்லவேண்டா. இருபது ஆண்டுப் பழக்கமுள்ள இரு வீடுகள் அந்தப் பொங்கலுக்குப் பொங்கல் மாற்றிக்கொள்ளவில்லை.

நாம் இருவர் பக்கமும் சென்று பேசினோம். அம்மையார் சொன்னது முற்றிலும் நியாயம். அதே வேளையில் 2022க்குப் பின் விதிகள் மாறியிருக்கின்றன என்பதையும் எடுத்துரைத்தோம். அவ்வாண்டு தீ விபத்துக்கள் தொடர்ந்ததால் பாட்டரிச் சோதனைகளை அரசாங்கம் கடுமையாக்கிற்று. ஓர் அறையில் பற்றிய வெப்பம் மற்ற அறைகளுக்குப் பரவுகிறதா, நீர் புகுகிறதா, சூடு மிஞ்சினால் முன்கூட்டி எச்சரிக்கிறதா என்றெல்லாம் பார்க்கும் அவ்விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரு கட்டமாய் நடைமுறைக்கு வந்தன. நண்பரின் வண்டி அதற்குப் பின் செய்யப்பட்டது. அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டி நல்லதாகவே இருக்கட்டும், தம்பி. அந்த வயர் நல்லதா?" என்றார்.

வயர் நல்லதன்று. சென்று பார்த்தோம். மேசை விளக்குக்கு உரிய மெல்லிய வயர், நடுவே இரண்டு ஒட்டு, எர்த் இல்லை. தொட்டால் சுட்டது. மணிக்கணக்காக மின்சாரம் இழுக்கும் சார்ஜருக்கு எர்த் உள்ள பதினைந்து ஆம்பியர் பிளக் வேண்டும். வெளியேறும் வழியை விட்டு விலகிய இடம் வேண்டும். வெயிலில் ஓடி வந்த வண்டியைச் சற்று ஆறவிட்டே மின்னூட்டவேண்டும். நண்பர் அன்றே வயரைச் சுருட்டினார். இப்போது விடுமுறை நாளில் வெளியே மின்னூட்டு நிலையத்தில் வரிசையில் நின்று ஏற்றிக்கொள்கிறார். வண்டி வாரத்தில் மூன்று நாள் வேப்ப மரத்தடியில் உறை போர்த்தி நிற்கிறது.

நாம் இன்னும் வாங்கவில்லை. பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் செல்லும் வண்டிகளும் உண்டு. கண்காட்சியில் அத்தகைய பாட்டரி ஒன்றை நம் இல்லாள் தூக்கிப் பார்த்தார். நாமும் தூக்கினோம். பார்சல் அலுவலகத்துக் கை பொய் சொல்லாது. பத்துக் கிலோவுக்குக் குறையாது. "பரீட்சைத் தாள் கட்டோடு இதையும் மூன்றாம் மாடிக்கு நாள்தோறும் நான் சுமப்பதா?" என்றார். நாம் சுமக்கிறோம் என்றோம். "நீங்கள் இரவுப் பணிக்குப் போகும் நாட்களில்?" என்றார். பதில் இல்லை.

ஆகவே சங்கத்தின் சார்பில் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். நம் குடியிருப்பின் மேற்கு மதிலருகே, பழைய சைக்கிள் கொட்டகை இருந்த இடத்தில், படிக்கட்டுகளுக்கு அப்பால், தனி மீட்டரோடு நான்கு மின்னூட்டு முனைகள் அமைத்துத் தரவேண்டும் என்பது அதன் சாரம். டில்லி அரசாங்கம் 2021இல் குடியிருப்புகளில் இத்தகைய முனை வைக்க மானியத்தோடு ஒரு திட்டம் அறிவித்ததையும் அதில் எடுத்துக் காட்டியுள்ளோம். பயன்படுத்துவோர் மீட்டர்ப்படி பணம் கட்டுவார்கள். கணக்கை நம் நண்பரே எழுதுவார், இம்முறை மூன்று தடவை கூட்டிப் பார்த்து!

வண்டி உள்ளவர்கள்தாம் கையொப்பமிட வேண்டும் என்பதில்லை. இதுவரை பத்தொன்பது பேர் இட்டிருக்கிறார்கள். நான்காவது கையொப்பம் கீழ்வீட்டு அம்மையாருடையது. "படிக்கட்டுகளுக்கு அப்பால்" என்னும் சொற்களின் கீழ் அவர் ஒரு கோடும் இழுத்திருக்கிறார். தாள் வாயிலருகே காபி மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம்.